ஏழு வாசல் தீப்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்கப் புராணத்தில் வீரர்களின் ஊர் எது என்று கேட்டால் பெரும்பாலும் டிராய் என்றுதான் பதில் வரும். மரக்குதிரையும் ஹெலனும் அக்கிலிஸும் அந்த அளவுக்குப் பிரபலம். அந்தப் போருக்கு முந்தைய தலைமுறையில் இன்னொரு நகரத்தின் மதிலைச் சுற்றி ஒரு போர் நடந்ததாகக் கிரேக்கர்கள் நம்பினார்கள். அந்த நகரம் தீப்ஸ். ஈடிபஸ், ஆன்டிகனி, ஹெர்குலிஸ் என்று நமக்குத் தெரிந்த பெயர்கள் பலவும் அந்த ஊரோடு சேர்ந்தவை. அதைப் பற்றி வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும் இவை.

தீப்ஸ் எகிப்தில்தானே இருக்கிறது?

இரண்டு தீப்ஸ் உண்டு. நைல் நதிக்கரையில் இன்றைய லக்ஸர் இருக்கும் இடத்தில் இருந்த எகிப்தியத் தலைநகரையும் கிரேக்கர்கள் தீப்ஸ் என்றே அழைத்தார்கள். ஹோமரின் காவியங்களில் எகிப்தின் தீப்ஸ் நூறு வாசல் நகரம். கிரேக்கத்தின் தீப்ஸ் ஏழு வாசல் நகரம். நாம் பேசப்போவது ஏழு வாசல் நகரத்தைப் பற்றி. அது ஏதென்சுக்கு வடமேற்கே, பியோஷியா என்ற பகுதியில் இருக்கிறது. அதற்குத் தெற்கே கித்தைரோன் மலை. இந்த மலையின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தீப்ஸ் கதைகளில் கொடூரமான காரியங்கள் பலவும் அங்கேதான் நடக்கின்றன.

டிராயோடு ஒப்பிடும் அளவுக்கு இது பெரிய ஊரா?

கிரேக்கர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். கி.மு. 700 வாக்கில் வாழ்ந்த ஹீசியட் என்ற கவிஞர், 'வேலைகளும் நாட்களும்' என்ற தன் நூலில் மனித குலத்தின் ஐந்து தலைமுறைகளை வரிசையாகச் சொல்கிறார். நான்காவது தலைமுறைதான் வீரர்களின் தலைமுறை, பாதி தெய்வங்கள். அவர்கள் எப்படி அழிந்தார்கள்? சிலர் ஏழு வாசல் தீப்ஸில் ஈடிபஸின் ஆட்டு மந்தைகளுக்காகப் போரிட்டு மடிந்தார்கள், மற்றவர்கள் ஹெலனுக்காகக் கடல் தாண்டி டிராயில் மடிந்தார்கள் என்கிறார். இரண்டு ஊரும் ஒரே மூச்சில் வருகின்றன, தீப்ஸ் முதலில் வருகிறது. ஹீசியட் பியோஷியாக்காரர் என்பதால் அது சொந்த ஊர்ப் பாசம் என்று சிலர் சொல்லலாம். ஆனால் டிராய்க்கு இருந்ததுபோலவே தீப்ஸுக்கும் தனிக் காவியங்கள் இருந்தன. ஈடிபோடியா, தீபைட், எபிகோனி என்ற அந்த மூன்றும் தொலைந்துபோய், இன்று சில வரிகள்தான் மிச்சம். அவை முழுசாகக் கிடைத்திருந்தால் தீப்ஸைப் பற்றி இப்படித் தனியாக விளக்கம் எழுத வேண்டியே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

டிராய்க் கதையில் எதிரி கடல் கடந்து வருகிறான். தீப்ஸில் அவன் அதே வீட்டில் பிறந்தவன். அப்பாவைக் கொல்லும் மகன், மகனைக் கிழிக்கும் தாய், அண்ணனும் தம்பியும் ஒரே வாசலில் வெட்டிக்கொண்டு சாவது. இந்த ஊரின் வீரக் கதை ஏறக்குறைய எல்லாமே இரத்த உறவுக்குள் நடக்கிறது. அதனால்தான் படிக்கும்போது டிராயைவிட இது நம்மை அதிகம் தொந்தரவு செய்கிறது.

நகரத்தை நிறுவியது யார்?

காட்மஸ். ஆனால் அவர் கிரேக்கரே இல்லை. இன்றைய லெபனான் கடற்கரையில் இருக்கும் டயர் நகரத்து ஃபினீசிய இளவரசர். காளை உருவில் வந்த தெய்வங்களின் அரசர் ஸூஸ் அவருடைய சகோதரி யூரோப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட, அவளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லி அப்பா ஏஜினார் மகன்களை அனுப்புகிறார். தேடி அலைந்த காட்மஸ் டெல்ஃபி கோயிலில் குறி கேட்கிறார். தேடுவதை விட்டுவிடு, ஒரு பசுவின் பின்னால் நட, அது களைத்துப்போய்ப் படுக்கும் இடத்தில் ஊரைக் கட்டு என்று வாக்கு வருகிறது. பசு படுத்த இடம்தான் தீப்ஸ்.

பசுவைப் பலி கொடுக்கத் தண்ணீர் வேண்டும். பக்கத்து ஊற்றைப் போர்த் தெய்வம் ஏரிஸின் பாம்பு காவல் காத்தது. தண்ணீர் எடுக்கப் போனவர்களை அது கொன்றது. காட்மஸ் அதைக் கொன்றார். பிறகு அதீனாவின் சொற்படி அதன் பற்களை உழுத நிலத்தில் விதைத்தார். நிலத்திலிருந்து முழு ஆயுதத்தோடு ஆட்கள் முளைத்தார்கள். காட்மஸ் அவர்கள் நடுவே ஒரு கல்லை எறிந்தார். யார் எறிந்தது என்று தெரியாமல் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் ஐந்து பேர்: எக்கியோன், யூடேயஸ், க்தோனியஸ், ஹைப்பரீனார், பெலோரஸ். இவர்களுக்கு 'விதைக்கப்பட்டவர்கள்' என்று பெயர். தீப்ஸின் உயர்குடிகள் தங்களை இந்த ஐவரின் வம்சம் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

கவனியுங்கள், ஊரின் முதல் குடிமக்கள் பிறந்த நிமிடமே உடன்பிறந்தாரைக் கொன்றவர்கள். பின்னால் வரப்போகும் எல்லாம் அந்த வயலிலேயே தொடங்கிவிட்டது.

ஆம்ஃபியான், ஜீதஸ் என்ற இரட்டையர்கள்தான் நிறுவினார்கள் என்றும் படித்தேனே?

சரிதான், இரண்டு கதையும் உண்டு. ஹோமரின் ஒடிசி காவியத்தின் 11-ஆம் பகுதி ஏழு வாசல் தீப்ஸை முதலில் நிறுவியவர்கள் இந்த இரட்டையர்கள்தான் என்கிறது, காட்மஸைப் பற்றி அங்கே பேச்சில்லை. பிற்காலத்தவர்கள் இரண்டையும் இணைத்துவிட்டார்கள்: மேட்டின் மேல் கோட்டையைக் கட்டியவர் காட்மஸ், அதனால் அதன் பெயர் காட்மியா, கீழே இருந்த ஊருக்கு மதில் எழுப்பியவர்கள் இரட்டையர்கள். ஜீதஸ் கற்களைத் தோளில் சுமந்தார். ஆம்ஃபியான் யாழை மீட்டினார், கற்கள் தாமாக நகர்ந்து வந்து மதிலில் பொருந்தின.

உண்மையிலேயே ஏழு வாசல்கள் இருந்தனவா?

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுக்கச் சுற்றி எழுதிய பௌசேனியஸ் ஏழின் பெயரையும் தருகிறார். எலெக்ட்ரா வாசல், ப்ரோயட்டஸ் வாசல், ஓகிஜியா வாசல் என்று போகிறது அந்தப் பட்டியல். இன்று அடையாளம் காணும்படி கண்ணுக்குத் தெரிவது எலெக்ட்ரா வாசல் ஒன்றுதான்; அதன் இருபக்கமும் இருந்த வட்டக் கோபுரங்களின் அடித்தளம் தெரிகிறது. காட்மியா மேடு சிறியது, அதற்கு ஏழு பெரிய வாசல்கள் தேவைப்பட்டிருக்குமா என்ற சந்தேகம் ஆய்வாளர்களிடம் நீண்ட நாளாக உண்டு. ஏழு தாக்குதல்காரர்களுக்கு ஈடாகக் கவிதைதான் ஏழு வாசல்களை உண்டாக்கியது என்று வாதிட்டவர்களும் இருக்கிறார்கள்.

காட்மஸின் குடும்பத்துக்கு என்ன ஆனது?

காட்மஸ் மணந்த ஹார்மோனியா ஏரிஸுக்கும் அஃப்ரோடைட்டிக்கும் பிறந்தவள். கல்யாணத்துக்குத் தெய்வங்களே நேரில் வந்தார்கள். மணமகளுக்கு ஹெஃபெஸ்டஸ் செய்த தங்கக் கழுத்தணி ஒன்று பரிசாக வந்தது. அந்த நகை எந்தக் கைக்குப் போனாலும் அங்கே கேடு வந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

நான்கு மகள்கள், ஒரு மகன். செமிலி ஸூஸின் காதலி. அவருடைய உண்மையான உருவத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டு மின்னலில் எரிந்துபோனாள். அவள் வயிற்றில் இருந்த குழந்தைதான் மதுவின் தெய்வமான டையோனிசஸ். அட்டோனோயியின் மகன் ஆக்டியான், கித்தைரோன் மலையில் தன் சொந்த வேட்டை நாய்களாலேயே குதறப்பட்டுச் செத்தான். ஐனோ குழந்தையோடு கடலில் குதித்தாள். அகாவே, டையோனிசஸ் ஏற்றிய வெறியில், அதே கித்தைரோன் மலையில் தன் மகன் பென்தியஸைச் சிங்கம் என்று நினைத்துக் கையாலேயே கிழித்து, தலையை ஏந்திக்கொண்டு ஊருக்குள் பெருமையோடு வந்தாள். யூரிப்பிடீஸின் 'பாக்கே' நாடகத்தில் அவளுக்குச் சுயநினைவு திரும்பும் காட்சியை ஒரே தடவையில் படித்து முடிப்பது கஷ்டம். வானத்தைப் பார் என்று காட்மஸ் மெதுவாகத் தொடங்கி, இப்போது தெளிவாகத் தெரிகிறதா, உன் கையில் இருப்பது யாருடைய தலை என்று ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு அவளைத் திரும்பக் கொண்டுவருகிறார். தாத்தாவே அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஈடிபஸ் கதை சுருக்கமாக?

தீப்ஸின் அரசர் லேயஸுக்கு, உன் மகன் உன்னைக் கொல்வான் என்று குறி சொல்லப்படுகிறது. பிறந்த குழந்தையின் கால்களைத் துளைத்துக் கட்டி, கித்தைரோன் மலையில் போட்டுவிடச் சொல்கிறார்கள். கொண்டுபோன இடையனுக்கு மனம் வரவில்லை. குழந்தை கொரிந்து நகரத்து அரண்மனையில் வளர்கிறது. பெரியவனானதும் ஈடிபஸ் டெல்ஃபிக்குப் போய், அப்பாவைக் கொன்று அம்மாவை மணப்பாய் என்ற வாக்கைக் கேட்கிறான். கொரிந்து அரசனையும் அரசியையும் பெற்றோர் என்று நம்புவதால் அந்த ஊர்ப்பக்கமே போகாமல் வேறு வழியில் நடக்கிறான். மூன்று சாலைகள் கூடும் இடத்தில் வழிவிடுவதில் தகராறு, ஒரு முதியவரைக் கொல்கிறான். அவர்தான் லேயஸ். தீப்ஸை வதைத்துக்கொண்டிருந்த, பெண் முகமும் சிங்க உடலும் கொண்ட ஸ்ஃபிங்க்ஸின் விடுகதைக்கு விடை சொல்லி ஊரைக் காப்பாற்றுகிறான். நன்றிக்கடனாக அரியணையும் விதவை அரசி ஜொகாஸ்டாவும் கிடைக்கிறார்கள். அவள்தான் அவனைப் பெற்றவள்.

காலையில் நான்கு கால், மதியம் இரண்டு கால், மாலையில் மூன்று கால், அது என்ன என்ற விடுகதைக்கு விடை 'மனிதன்'. பொதுவாக மனிதன் யார் என்று சொல்லத் தெரிந்தவனுக்குத் தான் யார் என்பது தெரியவில்லை. சோஃபக்ளீஸின் 'ஈடிபஸ் மன்னன்' நாடகம் முழுக்க அந்த ஒரு விசாரணைதான்: அரசனே துப்பறிகிறான், குற்றவாளியும் அவனே.

கண்ணைக் குத்திக்கொண்டு ஊரைவிட்டுப் போனான் என்பதுதான் பழைய கதையா?

இல்லை. ஹோமரின் ஒடிசியில் ஜொகாஸ்டாவின் பெயர் எப்பிகாஸ்டி. உண்மை வெளிப்பட்டதும் அவள் தூக்கிட்டுக்கொள்கிறாள். ஆனால் ஈடிபஸ் துயரங்களோடு தீப்ஸையே தொடர்ந்து ஆள்கிறான். டிராய்ப் போரைப் பாடும் அவருடைய இலியட்டில் ஓரிடத்தில் ஈடிபஸ் இறந்தபோது தீப்ஸில் நடந்த ஈமச்சடங்குப் போட்டிகள் பற்றிய பேச்சு வருகிறது. அதாவது பெரிய அரசனுக்குரிய மரியாதையோடு அடக்கம். நாடு கடத்தப்பட்ட குருட்டுப் பிச்சைக்காரனாக அவரை நம் மனதில் நிற்கவைத்தவர்கள் ஏதென்ஸின் நாடகாசிரியர்கள். சோஃபக்ளீஸ் தன் முதுமையில் எழுதிய 'கொலோனஸில் ஈடிபஸ்', அவருடைய மரணத்தைத் தான் பிறந்த கொலோனஸ் என்ற ஊரிலேயே நிகழ்த்திக்காட்டுகிறது. அந்த நாடகம் அவர் இறந்தபின் கி.மு. 401-இல்தான் மேடையேறியது.

'ஈடிபஸ் காம்ப்ளக்ஸ்' என்பது இந்தக் கதையிலிருந்து வந்ததா?

ஆண் குழந்தைக்குத் தாய் மேல் ஆசையும் அப்பா மேல் போட்டியும் மனதின் ஆழத்தில் உண்டு என்ற ஃபிராய்டின் கோட்பாடு அது. பெயர் வந்தது இங்கிருந்துதான். ஆனால் கதையின் ஈடிபஸுக்கு அப்படி ஓர் ஆசையே இல்லை. அவன் செய்ததெல்லாம் அந்த விதியிலிருந்து ஓடியதுதான். ஃபிராய்டின் கோட்பாட்டை வைத்து நாடகத்தைப் படித்தால் இந்த ஓட்டம் கண்ணில் படாமல் போய்விடும், அது பெரிய இழப்பு.

'தீப்ஸுக்கு எதிராக எழுவர்' யார்?

ஈடிபஸின் மகன்கள் எட்டியோக்ளிஸ், பாலினைசிஸ். ஆளுக்கு ஒரு வருடம் ஆள்வது என்று ஏற்பாடு. முதல் வருடம் முடிந்ததும் எட்டியோக்ளிஸ் இறங்க மறுத்துவிட்டான். பாலினைசிஸ் ஆர்கோஸ் நகரத்துக்குப் போய், அங்கே அரசர் அட்ராஸ்டஸின் மகளை மணந்து, மாமனாரின் படையோடு சொந்த ஊரைத் தாக்க வந்தான். வாசலுக்கு ஒரு தலைவன். ஈஸ்கிலஸின் நாடகப்படி அந்த எழுவர்: டைடியஸ், கபேனியஸ், எட்டியோக்ளஸ் (எட்டியோக்ளிஸ் அல்ல, வேறு ஆள்), ஹிப்போமெடான், பார்த்தனோபியஸ், ஆம்பியராவுஸ், பாலினைசிஸ். வேறு பட்டியல்களில் அட்ராஸ்டஸையும் எழுவரில் ஒருவராகச் சேர்ப்பார்கள்.

கி.மு. 467-இல் முதல் பரிசு பெற்ற அந்த நாடகத்தின் நடுப்பகுதி முழுக்கக் கேடயங்களின் வருணனை. ஒற்றன் ஓடிவந்து ஒவ்வொரு வாசலில் நிற்பவனின் கேடயத்தில் என்ன வரைந்திருக்கிறது என்று சொல்கிறான். டைடியஸின் கேடயத்தில் நட்சத்திரங்களும் நடுவே முழுநிலவும். கபேனியஸின் கேடயத்தில் தீப்பந்தம் பிடித்த நிர்வாண மனிதன், பக்கத்தில் 'நகரத்தை எரிப்பேன்' என்று பொன்னெழுத்து. பார்த்தனோபியஸின் கேடயத்தில் ஸ்ஃபிங்க்ஸ், அதன் நகங்களுக்கிடையே ஒரு தீப்ஸ்காரன். எட்டியோக்ளிஸ் ஒவ்வொரு சின்னத்தையும் பதிலுக்குப் பதில் திருப்பி விளக்கி, ஒவ்வொரு வாசலுக்கும் ஒருவனைக் காவலுக்கு நிறுத்துகிறான். ஏழாவது வாசலில் நிற்பது அவன் தம்பி. காவலுக்கு மிச்சமிருப்பவன் அவன் மட்டும்தான்.

முடிவு தெரிந்ததே. தெய்வமே வந்தாலும் தடுக்க முடியாது என்று ஏணியில் ஏறிய கபேனியஸை ஸூஸின் இடி அடித்தது. சாகக் கிடந்த டைடியஸுக்கு அதீனா அமரத்துவம் கொண்டுவந்தாள். அந்த நேரத்தில் அவன் எதிரி மெலனிப்பஸின் தலையைப் பிளந்து மூளையைத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அருவருப்போடு திரும்பிப் போய்விட்டாள். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் கொன்றார்கள். ஏரியன் என்ற தெய்வீகக் குதிரையின் வேகத்தால் அட்ராஸ்டஸ் மட்டும் தப்பினார்.

எழுவரில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?

யோசிக்காமல் சொல்வேன், ஆம்பியராவுஸ். அவர் வீரர் மட்டுமில்லை, வருவதை அறிபவர். இந்தப் படையெடுப்பில் அட்ராஸ்டஸைத் தவிர எல்லாரும் சாவார்கள், தானும் சாவேன் என்று அவருக்கு முதலிலேயே தெரியும். வரமாட்டேன் என்றார். ஆனால் அவருக்கும் அட்ராஸ்டஸுக்கும் எதில் கருத்து வேறுபாடு வந்தாலும் எரிஃபைலி சொல்வதே முடிவு என்று முன்பே ஓர் ஒப்பந்தம் இருந்தது. அவள் அட்ராஸ்டஸின் தங்கை, ஆம்பியராவுஸின் மனைவி. பாலினைசிஸ் அவளிடம் ஹார்மோனியாவின் கழுத்தணியைக் கொடுத்தான். போய் வாருங்கள் என்றாள் அவள்.

அந்த விடைபெறும் நேரத்தை ஒரு கொரிந்துப் பானையில் வரைந்திருந்தார்கள். கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தப் பானை பெர்லினில் இருந்து, இரண்டாம் உலகப் போரோடு காணாமல் போய்விட்டது; படங்களில்தான் இன்று பார்க்க முடியும். ஆம்பியராவுஸ் ஒரு காலைத் தேரில் வைத்துவிட்டு, உருவிய வாளோடு திரும்பிப் பார்க்கிறார். குழந்தைகள் கையை நீட்டி நிற்கிறார்கள். எல்லாருக்கும் பின்னால், ஓரத்தில், எரிஃபைலி. அவள் கையில் அளவுக்கு மீறிப் பெரிதாக வரையப்பட்ட அந்த நகை. தேரின் முன்னால் ஒரு கிழவர் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

கேடயங்கள் பற்றிச் சொன்னேன் அல்லவா, ஈஸ்கிலஸின் நாடகத்தில் ஆம்பியராவுஸின் கேடயத்தில் மட்டும் எந்தச் சின்னமும் கிடையாது. சிறந்தவனாகத் தெரிய வேண்டும் என்று அவன் விரும்பவில்லை, சிறந்தவனாக இருக்கவே விரும்புகிறான் என்கிறான் தீப்ஸின் ஒற்றன். எதிரிப் படையில் இப்படி ஒரு நல்லவன் நிற்கிறானே என்று எட்டியோக்ளிஸே வருந்துகிறான்.

தோற்று ஓடும்போது முதுகில் ஈட்டி பாயும் முன்பே ஸூஸ் பூமியைப் பிளந்தார். தேரோடும் குதிரைகளோடும் ஆம்பியராவுஸ் உள்ளே போனார். பிறகு ஒரோப்போஸ் என்ற ஊரில் அவருக்குக் கோயில் எழுந்தது. நோயாளிகள் பலியிட்ட ஆட்டின் தோலை விரித்துப் படுத்து, கனவில் அவர் வந்து மருந்து சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். கோயிலின் இடிபாடுகளை இன்றும் பார்க்கலாம்.

ஆன்டிகனியை வீராங்கனை என்று சொல்லலாமா?

அவள் வாளைத் தொடவில்லை. செய்தது ஒரு பிடி மண்ணைத் தூவியது. ஊரைத் தாக்க வந்த பாலினைசிஸை அடக்கம் செய்யக்கூடாது, நாய்க்கும் கழுகுக்கும் விடுங்கள் என்று இப்போது அரசரான மாமா கிரியோன் உத்தரவு போடுகிறார். மீறினால் மரணம். ஈடிபஸின் மகள் ஆன்டிகனி அண்ணனுக்கு மண் போட்டாள், பிடிபட்டாள், மறுக்கவில்லை. நேற்றோ இன்றோ பிறக்காத, எழுதப்படாத தெய்வ நீதி ஒன்று உண்டு, உன் உத்தரவுக்கு அதை மிஞ்சும் பலம் இல்லை என்று கிரியோனின் முகத்துக்கு நேரே சொன்னாள். உயிரோடு கல்லறைக்குள் அடைத்தார்கள், அங்கே தூக்கிட்டுக்கொண்டாள். அவளை மணக்க இருந்த கிரியோனின் மகன் ஹீமோனும் அங்கேயே தன்னைக் குத்திக்கொண்டான்.

கிரியோனின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஊர் மேல் படையெடுத்தவனையும் ஊரைக் காத்தவனையும் ஒன்றாக நடத்த முடியுமா என்பது அவர் கேள்வி. ஆனாலும் தீப்ஸின் வீரர்கள் அத்தனை பேரும் உறவை வெட்டுவதில் வீரம் காட்டும்போது, உறவை விடாமல் பிடித்துக்கொண்டு சாகத் துணிந்தவள் இவள் ஒருத்தி. எனக்கு இந்த ஊரின் மிகப் பெரிய வீரம் அதுதான்.

அப்படியானால் தீப்ஸ் விழவே இல்லையா?

அடுத்த தலைமுறையில் விழுந்தது. பத்து வருடம் கழித்து எழுவரின் மகன்கள் திரும்பி வந்தார்கள். 'பின்வந்தோர்' என்ற பொருளில் அவர்களுக்கு எபிகோனி என்று பெயர். ஆம்பியராவுஸின் மகன் அல்க்மியான், டைடியஸின் மகன் டையோமிடிஸ், கபேனியஸின் மகன் ஸ்தெனலஸ் எல்லாரும் அதில் இருந்தார்கள். முதல் போரில் அட்ராஸ்டஸ் மட்டும் பிழைத்தார். இதில் அவருடைய மகன் ஈஜியாலியஸ் மட்டும் செத்தான். அல்க்மியான் பிறகு அப்பாவின் கட்டளைப்படி தன் தாய் எரிஃபைலியைக் கொன்று, பித்துப் பிடித்து அலைந்தான்.

இவர்களில் டையோமிடிஸும் ஸ்தெனலஸும் நேராக டிராய்ப் போருக்குப் போனவர்கள். இலியட்டின் 4-ஆம் பகுதியில் கிரேக்கப் படைத் தலைவர் அகமெம்னன், உன் அப்பாவைப்போல் நீ இல்லை என்று டையோமிடிஸைக் கடிந்துகொள்கிறார். டையோமிடிஸ் பேசாமல் நிற்கிறான். ஸ்தெனலஸால் பொறுக்க முடியவில்லை: எங்கள் அப்பாக்களைவிட நாங்கள் மேலானவர்கள், குறைந்த படையோடு வந்து ஏழு வாசல் தீப்ஸைப் பிடித்தவர்கள் நாங்கள்தான் என்று பொரிந்து தள்ளுகிறான். அதே இலியட்டின் கப்பல் பட்டியலில் தீப்ஸ் இல்லை. 'கீழ்த்தீப்ஸ்' என்ற ஊர்தான் இருக்கிறது. கோட்டை அழிந்து, அடிவாரத்தில் மட்டும் மக்கள் இருந்த நிலை என்றே இதைப் பொதுவாக விளக்குகிறார்கள்.

ஹெர்குலிஸும் தீப்ஸ்காரரா?

பிறந்தது தீப்ஸில். கிரேக்கத்தில் அவர் பெயர் ஹெராக்ளிஸ். பெற்றோர் ஆர்கோஸ் பகுதியிலிருந்து வந்து அடைக்கலம் புகுந்தவர்கள். கணவர் ஆம்ஃபிட்ரியான் போருக்குப் போயிருந்தபோது ஸூஸ் அவருடைய உருவத்தில் அல்க்மினியிடம் வந்தார். அந்த ஓர் இரவு மூன்று இரவின் நீளத்துக்கு நீண்டது. தொட்டிலில் இரண்டு பாம்புகளை நெரித்துக் கொன்றது தீப்ஸில்தான். தீப்ஸிடம் வருடத்துக்கு 100 மாடு கப்பம் வாங்கிய ஒர்கோமெனஸ் நகரத்தை அடக்கியதும் அவர்தான். நன்றிக்காகக் கிரியோன் தன் மகள் மெகாராவை மணமுடித்துக் கொடுத்தார். பிறகு ஸூஸின் மனைவி ஹீரா ஏற்றிய பித்தில் தன் பிள்ளைகளையே கொன்றார். பன்னிரண்டு சாகசங்கள் அந்தப் பாவத்துக்குப் பரிகாரம் என்பது பரவலான கதை. யூரிப்பிடீஸ் வரிசையை மாற்றிவிட்டார்: சாகசங்களை எல்லாம் முடித்து, வெற்றியோடு வீடு திரும்பிய அன்றுதான் பித்து பிடிக்கிறது. வரிசை மாறியதும் பரிகாரம் என்ற ஆறுதலும் போய்விடுகிறது.

ஒர்கோமெனஸ் போரில் ஒரு சின்ன விஷயம் என்னை எப்போதும் ஈர்க்கும். ஹெராக்ளிஸ் வடிகால்களை அடைத்து எதிரியின் வயல்களை ஏரியாக்கினார் என்று கதை. அந்தப் பக்கத்துக் கோபாயிஸ் ஏரியில் வெண்கலக் காலத்துக் கரைகளும் கால்வாய்களும் உண்மையாகவே இருந்திருக்கின்றன. அவை பராமரிப்பு இல்லாமல் போய் நிலம் மறுபடி மூழ்கியது. நீரில் போன வயல்களின் நினைவு ஒரு வீரனின் பேரில் ஏறிக்கொண்டது என்றே எனக்குப் படுகிறது.

தீப்ஸில் பிறந்த கவிஞர் பிண்டார், எலெக்ட்ரா வாசல் பக்கம் ஹெராக்ளிஸுக்கும் அவருடைய எட்டுப் பிள்ளைகளுக்கும் நடந்த விழாவைப் பாடியிருக்கிறார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே வாசலுக்கு அருகே ஹெராக்ளிஸின் வழிபாட்டிடம் தோண்டி எடுக்கப்பட்டது.

குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் எந்தக் காலத்தவர்?

எல்லாக் காலத்திலும் வருவார். ஏழு தலைமுறை வாழ்ந்தார் என்பது ஐதீகம். காட்மஸ் கிழவரான காலத்தில் பென்தியஸை எச்சரிக்கிறார், ஈடிபஸிடம் உண்மையைச் சொல்கிறார், கிரியோனைத் தடுக்கப் பார்க்கிறார். செத்த பிறகும் ஒடிசியஸ் பாதாளத்துக்கு வந்து அவரிடம்தான் வழி கேட்கிறார்.

ஏதென்ஸ் நாடகாசிரியர்கள் ஏன் இந்த ஊரையே திரும்பத் திரும்ப எழுதினார்கள்?

பக்கத்து ஊர், பகைமை கொண்ட ஊர். கி.மு. 479-இல் பிளாட்டீயாப் போரில் தீப்ஸ் பாரசீகர்கள் பக்கம் நின்றது, ஏதென்ஸ் அதை மறக்கவில்லை. தங்கள் ஊருக்கு நடக்கக் கூடாததையெல்லாம் தீப்ஸ் மேடையில் நடத்திப் பார்க்க முடிந்தது. நாடகங்களில் ஈடிபஸுக்கும் ஹெராக்ளிஸுக்கும் கடைசியில் அடைக்கலம் கொடுப்பது ஏதென்ஸின் தீசியஸ்தான் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

அகழாய்வில் என்ன கிடைத்திருக்கிறது?

இன்றைய ஊர் காட்மியா மேட்டின் மேலேயே இருப்பதால் முழுசாகத் தோண்ட வழியில்லை. கட்டடத்துக்கு அடித்தளம் போடும்போது, தெருவில் பள்ளம் வெட்டும்போது துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. 1906-இல் அன்டோனியோஸ் கெரமோபூலோஸ் அரண்மனைப் பகுதிகளைத் தோண்டத் தொடங்கி 'காட்மஸின் வீடு' என்று பெயரிட்டார். அது மைசீனியக் காலத்து (கிரேக்கத்தின் பிந்தைய வெண்கலக் காலம்) அரண்மனை, கி.மு. 1200-ஐ ஒட்டி எரிந்து அழிந்தது. 1990-களில் பெலோப்பிடாஸ் தெருவில் லீனியர் பி என்ற மைசீனியக் காலத்துக் கிரேக்க எழுத்தில் எழுதிய 200-க்கும் மேற்பட்ட களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் அரண்மனைக் கணக்குதான் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு திராட்சை மது என்று. அரசர் கதை எதுவும் இல்லை.

இருந்தாலும் 1963-இல் கிடைத்த ஒன்று எல்லாரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. உருளை வடிவ முத்திரைகள், லாபிஸ் லசூலி என்ற நீலக் கல்லில் செய்தவை. அந்தக் கல் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளிலிருந்து வருவது. விரல் நீளம்கூட இல்லாத உருளைகளில் தெய்வங்களும் விலங்குகளும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டு, சிலவற்றில் மெசபொடேமியாவின் ஆப்பு எழுத்துகளும் இருந்தன. ஒன்றில் கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட புர்னபுரியாஷ் மன்னரின் அதிகாரி ஒருவரின் பெயர். காட்மஸ் கிழக்கிலிருந்து வந்தார் என்ற கதைக்கு இது நேரடிச் சான்று ஆகாது; நகைக்கல்லாகவோ பரிசாகவோ வந்திருக்கலாம். ஆனால் தீப்ஸ் அரண்மனைக்குக் கிழக்கோடு தொடர்பு இருந்தது என்பது உறுதி.

எழுத்தைக் கிரேக்கத்துக்குக் கொண்டுவந்தவர் காட்மஸ் என்கிறார்களே?

கி.மு. 5-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அப்படி எழுதுகிறார். தீப்ஸின் இஸ்மேனியன் அப்போலோ கோயிலில் 'காட்மிய எழுத்துகள்' பொறித்த முக்காலிகளை நேரில் பார்த்தேன் என்றும் சொல்கிறார். கிரேக்க எழுத்து ஃபினீசிய எழுத்திலிருந்து பிறந்தது என்பது சரியான செய்தி. காலம்தான் பொருந்தாது, கிரேக்க எழுத்து பரவியது கி.மு. 8-ஆம் நூற்றாண்டு வாக்கில், மைசீனிய அரண்மனைகள் எரிந்து நெடுங்காலம் கழித்து.

வரலாற்றுக் காலத்தில் தீப்ஸ் என்ன ஆனது?

கி.மு. 371-இல் லியூக்ட்ராவில் தளபதி எபமினோண்டாஸ் தலைமையில் ஸ்பார்ட்டாவைத் தோற்கடித்துக் கொஞ்ச காலம் கிரேக்கத்தின் முதல் சக்தியாக இருந்தது. 338-இல் கைரோனியாவில் மாசிடோனியாவின் பிலிப்பிடம் தோற்றது. 335-இல் கலகம் செய்ய, அலெக்சாண்டர் நகரத்தைத் தரைமட்டமாக்கினார். 6,000 பேர் மாண்டார்கள், 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்கின்றன பழைய நூல்கள். கோயில்களும் பிண்டாரின் வீடும் மட்டும் தப்பின. தன்னை ஹெராக்ளிஸின் வம்சம் என்று சொல்லிக்கொண்ட அரசர், ஹெராக்ளிஸ் பிறந்த ஊரை அழித்தார். சுமார் 20 வருடம் கழித்து, அப்போது மாசிடோனியாவை ஆண்ட கசாண்டர் அதைத் திரும்பக் கட்டினார்.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

ஊரின் இன்றைய பெயர் தீவா. ஏதென்ஸிலிருந்து தெசலோனிகி போகும் ரயில் பாதையில் இருக்கிறது. டெல்ஃபியைப்போல் ஒரே இடத்தில் பரந்த இடிபாடுகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். எலெக்ட்ரா வாசல், வீடுகளுக்கு நடுவே வேலியிட்ட அரண்மனைத் துண்டுகள் அவ்வளவுதான். ஆனால் அருங்காட்சியகத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். நீலக்கல் முத்திரைகள் அங்கேதான் இருக்கின்றன. பக்கத்து ஊர் தனாக்ராவில் கிடைத்த மைசீனியக் காலத்து மண் சவப்பெட்டிகளும் இருக்கின்றன. அவற்றில் தலையில் கைவைத்து அழும் பெண்களை வரிசையாக வரைந்திருக்கிறார்கள்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

'ஆன்டிகனி'யிலிருந்து. நீளம் குறைவு, முன்கதை தெரியாவிட்டாலும் பிடிபடும். அடுத்து 'ஈடிபஸ் மன்னன்', அப்புறம் 'பாக்கே'. ஈஸ்கிலஸின் 'எழுவர்' கொஞ்சம் பழகிய பிறகு படித்தால் கேடயக் காட்சி நன்றாகப் புரியும். ஒன்று மட்டும் கவனத்தில் இருக்கட்டும்: சோஃபக்ளீஸின் மூன்று தீப்ஸ் நாடகங்களையும் ஒரே புத்தகமாகப் போட்டு விற்கிறார்கள், ஆனால் அவர் அவற்றைத் தொடராக எழுதவில்லை. கதைப்படி கடைசியில் வரும் 'ஆன்டிகனி'தான் முதலில் எழுதியது, 'கொலோனஸில் ஈடிபஸ்' அதற்கு ஏறக்குறைய 35 வருடத்துக்குப் பின்னால் வந்தது. அதனால் ஒரு நாடகத்தில் நிதானமாகப் பேசும் கிரியோன் இன்னொன்றில் வேறு ஆளாகத் தெரிந்தால், குழம்பாமல் அந்தந்த நாடகத்தின் கிரியோனாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.